மாசி பங்குனியில ஜிலேபிக் கெண்டை: எந்த முள்ளு, எந்த இடம்?

கால்வாய்க்கரை:
அண்ணாச்சிமாரே, மானூர் பக்கம் ஒரு குளத்துல குத்தகைக்காரர்ட்ட கேட்டுட்டு தூண்டில் போடுதேன். 12 அடி மடக்குக் கம்பு, 0.35 மி.மீ. தங்கூசி (நைலான் நரம்பு), 6-ஆம் நம்பர் முள்ளு, தெர்மாகோல் தக்கை. தக்கை ஆடுது, தூக்குனா புழுவைக் காணோம், வெறும் முள்ளுதான் வருது. அமெரிக்காவுல க்ராப்பி மீனுக்குப் போடுத ஜிக்கும் (ஈயத்தலையில மயிர் கட்டுன முள்ளு) கொஞ்சம் வாங்கி வச்சிருக்கேன். அது ஜிலேபிக்குச் சரிப்படுமா? கரையில எங்கன உக்காரணும்?

மயில்தண்டு:
தம்பி, கம்பு போதும், மத்ததை மாத்துங்க. ஜிலேபிக்கு வாய் சின்னது. 6-ஆம் நம்பர் முள்ளு அதுக்குள்ள போகாது, ஓரத்துலயே புழுவைப் பிச்சுத் தின்னுட்டுப் போயிரும். 10 இல்லன்னா 12 போடுங்க, நம்பர் கூடக்கூட முள்ளு சின்னது. தங்கூசி 0.18 போதும், நீளம் கம்பை விட ஒரு அடி குறைவா இருக்கட்டும்.

தெர்மாகோலைத் தூக்கிப் போடுங்க. அரைக்கிலோ மீனு இழுத்தாத்தான் அது முங்கும். மயிலிறகுத் தண்டு ஒரு சாண் நறுக்கி, அடி நுனியில மட்டும் சைக்கிள் வால்வு டியூப் வளையம் போட்டு தங்கூசியைக் கோத்துக்கிடுங்க. ஈயக்குண்டை ஒவ்வொண்ணா கடிச்சு வச்சு, தண்டோட நுனி அரை இஞ்சு மட்டும் வெளிய தெரியுத வரைக்கும் கனத்தைக் கூட்டணும். கடைசிக் குண்டு முள்ளுக்கு நாலு விரக்கடை மேல. இப்படி நிறுத்துன தக்கையில ரெண்டு விதமாக் கடி தெரியும். ஒண்ணு, சரிஞ்சு உள்ள போறது. இன்னொண்ணு, தக்கை மேல எழும்பிப் படுத்துக்கிடுறது. மீனு இரையைக் கவ்விக்கிட்டு மேல வருதுன்னு அர்த்தம், அடிக்குண்டோட கனம் தக்கையில இருந்து போயிருது. நிறையப் பேரு இதைக் கடின்னே எடுக்கதில்ல. படுத்த உடனே மணிக்கட்டை மட்டும் சுண்டுங்க, கையை வீசாதீங்க, உதடு கிழிஞ்சிரும்.

புழுவை முழுசா மாட்டாதீங்க. அரை இஞ்சுத் துண்டு, முள்ளு மூக்கு லேசா வெளிய. வாழைத்தோட்டத்துல அழுகுன மட்டைக்கு அடியில கிடைக்குத செம்புழு நல்லா நிக்கும். மாவுன்னா கோதுமை மாவைக் கெட்டியாப் பிசைஞ்சு, துளி பஞ்சைப் பிச்சுச் சேத்து உருட்டணும். பஞ்சு இல்லன்னா தண்ணியில விழுந்த உடனே கரைஞ்சிரும்.

ஜிக்கு விஷயம்: க்ராப்பி சின்ன மீனைத் துரத்தித் தின்னுத ஜாதி. அங்க குளிர் போயி தண்ணி 16-ல இருந்து 20 டிகிரி ஆகும்போது முட்டையிடக் கரையோரம் வரும், அதான் அவங்க வசந்தகாலம்னு சொல்லுதது. நம்ம குளம் அவ்வளவு குளிராது. ஜிலேபி பாசியும் மக்குன செத்தையும் தின்னுதது, ஜிக்கைத் துரத்தாது. முட்டையிடப் பறிச்ச குழியைக் காக்குத ஆண் மட்டும் கோவத்துல கொத்தும். ஒரு கிராம் ஜிக்குல மயிரை நறுக்கிட்டு புழுத்துண்டு மாட்டினா வீணாகாது.

மறுகால்மேடை:
இடம் நான் சொல்லுதேன். முள்ளை விட இதுதான் முக்கியம். மாசி பிறந்தா பிசான நெல்லு அறுப்பு, மடையை அடைச்சிருவாங்க, குளத்துல ஓட்டம் நின்னுரும், தண்ணி நாளுக்கு நாள் இறங்கும். அப்போ ஜிலேபி உள்வாய்ப் பக்கம் (குளத்துக்குள்ள ஆழம் குறைஞ்ச பகுதி), மணலோ சரளோ கெடக்குத ரெண்டு மூணு அடித் தண்ணியில குழி பறிக்கும். காலையில வெயிலை முதுகுக்கு வச்சு நின்னு பாருங்க: சோத்துத்தட்டு அகலத்துக்கு வெளுத்த வட்டம் வட்டமாத் தெரியும். நடுவுல கருத்த உடம்பு, வெள்ளைத் தொண்டை, சிவந்த செட்டை ஓரம். அதான் ஆண். பெட்டை முட்டையை வாயில அள்ளிக்கிட்டு கோரைக்குள்ள ஒதுங்கிரும், அது இரை எடுக்காது. அதனால கோரையில போட்டுட்டு ஒண்ணும் கடிக்கலியேன்னு உக்காந்திருக்காதீங்க.

குழிக்கு நேர மேல போட்டா கலைஞ்சிரும். ஒரு முழம் தள்ளிப் போட்டு, மெதுவா இழுத்து விளிம்புல நிறுத்தணும். நிழல் தண்ணியில விழக்கூடாது. பத்து மணிக்கு மேல வெயில் ஏறுனா மீனு ஆழத்துக்குப் போயிரும், அப்போ தண்ணிக்குள்ள நிக்குத கருவேல மர நிழலைப் பாருங்க. ஆழத்தை முள்ளுல ஒரு ஈயக்கட்டியைக் குத்தி அளந்துட்டு, இரை தரைக்கு ரெண்டு இஞ்சு மேல நிக்குற மாதிரி தக்கையை நகத்துங்க.

கால்வாய்க்கரை:
தீனி போட்டுக் கூட்டலாமா அண்ணாச்சி?

மறுகால்மேடை:
குழிக்கிட்ட வேண்டாம். மர நிழல்லன்னா தவிடு ரெண்டு பங்கு, ஊறவச்ச கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, கரை மண்ணு ஒரு பிடி சேத்து எலுமிச்சை அளவுக்கு உருட்டி மூணு போடுங்க. அப்புறம் இருபது நிமிசத்துக்கு ஒண்ணு. கூடப்போட்டா வயிறு நிறைஞ்சு முள்ளைத் தொடாது.

நாட்டுக்கருவேல்:
இன்னும் கொஞ்சம். பாபநாசம், சேர்வலாறு அணைகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு, அங்க கம்பைத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க. கூந்தன்குளம் பக்கமும் வேண்டாம், இந்த மாசங்கள்ல பறவைங்க கூடு கட்டிக் குஞ்சோட இருக்கும். எந்தக் குளமானாலும் அறுந்த தங்கூசியை ஒரு சாண் கூட விடாம சுருட்டி எடுத்துட்டு வாங்க. நாரை காலுல சுத்துனா அது பறக்க முடியாமப் பட்டினியில செத்துப்போகும்.

ஜிலேபி 1952-ல நம்ம நாட்டுக்கு வந்த ஆப்பிரிக்க மீனு. நம்ம கெண்டைகளை நெருக்கிக்கிட்டு இருக்கு, அதனால பிடிச்சதைத் திரும்ப விட வேண்டாம், பொடிசா இருந்தாலும் கறிக்கு எடுத்துக்கிடுங்க. ஆனா தண்ணிமேல செக்கச்செவேல்னு குஞ்சுக்கூட்டம் கொப்பளிச்சா அது விரால் குஞ்சு, அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அங்கன முள்ளைப் போடாதீங்க, தாயைத் தூக்கிட்டா குஞ்சை மத்த மீனு தின்னு தீத்துரும்.

ஜிலேபியை முள்ளுல இருந்து கழட்டும்போது தலைப்பக்கம் இருந்து வாலுப்பக்கமா கையால தடவி முதுகுச் செட்டையைப் படுக்கவச்சுப் பிடிங்க. எதிர்த்துப் பிடிச்சா உள்ளங்கையில ஏறிரும்.