எஃப்.எல்.எல். ரோபோ: மேசை மாறினால் 2–3 செ.மீ. விலகுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (மஞ்சள்பீம்)
ஃபர்ஸ்ட் லெகோ லீக் சேலஞ்ச் (எஃப்.எல்.எல்., மாணவர்களுக்கான ரோபோ போட்டி) ரோபோ. ஸ்பைக் பிரைம் ஹப் (ரோபோவின் மூளையான லெகோ கணினிப் பெட்டி), 56 மி.மீ. சக்கரங்கள், ஓட்டத்துக்கு 2 மோட்டார், கருவிகளுக்கு 2. பயிற்சி மேசையில் பத்துக்கு ஒன்பது ரன் சரியாக வருகிறது. வேறு மேசையில் வைத்தால் 150 செ.மீ. தள்ளியிருக்கும் மாடலை (ரோபோ இயக்க வேண்டிய லெகோ அமைப்பு) 2–3 செ.மீ. தவறவிடுகிறது, எப்போதும் இடப்பக்கமே. பேட்டரி முழு சார்ஜ். வேகத்தை 60-லிருந்து 40 சதவீதமாகக் குறைத்தும் அதே கதை. கூடவே ஒரு விதிச் சந்தேகம்: நடுவழியில் ரோபோவைத் தூக்கினால் எத்தனை புள்ளி போகும்?

பதில் (கியர்24)
ஒரே பக்கம் விலகினால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். பேட்டரி இறங்கினால் ரன்னுக்கு ரன் வேறு மாதிரி வரும்.

முதலில் மேட்டை (மேசைமேல் விரிக்கும் ஆட்டக்கள விரிப்பு) பாருங்கள். மேசையின் உள்ளளவு 2362 × 1143 மி.மீ.; மேட் அதைவிடச் சிறியது. தெற்குச் சுவரை (ரோபோ புறப்படும் பக்கம்) ஒட்டி, கிழக்கிலும் மேற்கிலும் சம இடைவெளி விட்டு விரிக்க வேண்டும். மாடல்கள் டூயல் லாக்கில் (ஒட்டிப் பிரிக்கும் பட்டை) மேட்டோடு ஒட்டியிருப்பதால் மேட் நகர்ந்தால் எல்லா மாடலும் சேர்ந்து நகரும். நீங்கள் ரோபோவைப் பக்கச் சுவரை வைத்து நிறுத்துகிறவர் என்றால் அந்த வித்தியாசம் முழுசாக உங்கள் தலையில்தான். இரு பக்க இடைவெளியையும் ஸ்கேல் வைத்து அளங்கள்.

அடுத்தது தொடக்கக் கோணம். 1 டிகிரி பிசகினால் 150 செ.மீ. தூரத்தில் 2.6 செ.மீ. விலகும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கண்ணால் பார்த்து வைப்பதை விட்டுவிட்டு, பீம்களால் 'ட' வடிவ ஜிக் (ரோபோவை ஒரே இடத்தில் நேராக வைக்க உதவும் சட்டம்) ஒன்று கட்டி, தெற்குச் சுவரில் அழுத்தி, அதில் ரோபோவைச் சாய்த்து வையுங்கள்.

மஞ்சள்பீம்
மேற்கில் 4 மி.மீ., கிழக்கில் 11 மி.மீ. இருந்தது. சரிசெய்ததும் பாதி குறைந்தது. ஜிக்கும் கட்டியாயிற்று. மாடலுக்கு முன்பு சுவரில் பின்பக்கம் முட்டி நேராக்கிப் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு வரும் திருப்பம் சில சமயம் 3–4 டிகிரி தவறுகிறது.

கியர்24
முட்டும்போதே யா கோணத்தை (ரோபோ எவ்வளவு திரும்பியது என்று ஹப்பின் ஜைரோ சொல்லும் கோணம்) பூஜ்யமாக்குகிறீர்களா? சக்கரம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்க, உடம்பு அதிரும்போது ரீசெட் செய்தால் அந்தப் பிழை பிறகு வரும் எல்லாத் திருப்பத்திலும் ஒட்டிக்கொள்ளும். வரிசை இதுதான்: 20–25 சதவீத வேகத்தில் 1 விநாடி பின்னோக்கி (சுழற்சிக் கணக்கு வேண்டாம், நேரக் கணக்கு, சுவரில் முட்டி நின்றபின் மீதிச் சுழற்சிக்காக நிரல் காத்துக் கிடக்கக் கூடாது), மோட்டாரை நிறுத்து, 0.3 விநாடி பொறு, அப்புறம் ரீசெட்.

சுவரைத் தொடுவது சக்கரமாக இருக்கக் கூடாது. ரோபோவின் முழு அகலத்துக்கும் பின்னால் ஒரு தட்டையான பீம் போடுங்கள். ஹப்பை ஆன் செய்யும் நேரத்திலும் ரோபோவைக் கையில் பிடிக்காமல் மேசையில் அசையாமல் வையுங்கள்.

சுவர் எட்டாத இடத்தில் மேட்டில் அச்சிட்ட கறுப்புக் கோட்டை நம்புங்கள். கலர் சென்சார் தரையிலிருந்து சுமார் 16 மி.மீ. உயரம். வெள்ளை, கறுப்பு அளவுகளை அந்தந்த மேசையிலேயே எடுத்து நடு எண்ணைக் கோட்டைக் கண்டறியும் எல்லையாக வையுங்கள். வெளிச்சம் மாறினால் பழைய எண் உதவாது.

பதில் (விசில்)
விதிக் கேள்விக்கு: ரோபோ முழுதும் ஹோமுக்குள் (மேசையில் உங்கள் அணிக்கான தொடக்கப் பகுதி) இருக்கும்போது தொட்டால் இழப்பில்லை. வெளியே தொட்டால் ஒரு பிரிசிஷன் டோக்கன் (ஆட்டம் முடியும்போது மிஞ்சுவதற்குப் புள்ளி தரும் வில்லை) போகும். மொத்தம் 6. ஐந்தோ ஆறோ மிஞ்சினால் 50 புள்ளி, நான்குக்கு 35, மூன்றுக்கு 25, இரண்டுக்கு 15, ஒன்றுக்கு 10. ஆக முதல் தூக்கல் இலவசம்! மாட்டிக்கொண்ட ரோபோவைப் பார்த்து 20 விநாடி கையைப் பிசைவதைவிடத் தூக்கிவிடுவதே லாபம். ஆட்டமே 2 நிமிடம் 30 விநாடிதான்.

அந்த ஜிக்கும் உபகரணம்தான், மறக்க வேண்டாம். ஆட்டத்துக்கு முந்தைய பரிசோதனையில் ரோபோ, மாற்றுக் கருவிகள், ஜிக் எல்லாம் சேர்ந்து ஒரே லாஞ்ச் ஏரியாவுக்குள் (ரோபோ புறப்படும் இடம்), 305 மி.மீ. உயரத்துக்குள் அடங்கினால்தான் 20 புள்ளி. உயரமாக நிற்கும் கருவியை அப்போது படுக்க வைத்துக் காட்டலாம்.