ரெட்கிரேவ் 5 தங்கம்: சர்க்கரை நோயோடு சிட்னி எப்படிச் சாத்தியமானது?

நதிக்கரை:
பிரிட்டனின் ஸ்டீவ் ரெட்கிரேவ் துடுப்புப் படகுப் போட்டியில் 1984 முதல் 2000 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். ஐந்தும் ஒரே வகைப் படகிலா? 1997-ல் சர்க்கரை நோய் வந்தபின் எப்படித் தயாரானார்?

துடுப்புக்காரன்:
மூன்று வகை. லாஸ் ஏஞ்சல்ஸில் காக்ஸ் (துடுப்புப் போடாமல் படகின் திசையைப் பார்த்துக்கொள்பவர்) உள்ள நால்வர் படகு. சியோலில் ஆண்டி ஹோம்ஸுடனும், பார்சிலோனா, அட்லாண்டாவில் மேத்யூ பின்சென்ட்டுடனும் காக்ஸ் இல்லாத இருவர் படகு. சிட்னியில் காக்ஸ் இல்லாத நால்வர். சியோலில் காக்ஸ் உள்ள இருவர் படகில் ஒரு வெண்கலமும் உண்டு, பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

என் கணக்கில் இருவர் படகுதான் மகா கடினம். ஆளுக்கு ஒரே துடுப்பு, எதிரெதிர்ப் பக்கம். ஒருவர் சற்றுக் கூடுதலாக இழுத்தாலே முனை திரும்பும். சுக்கான் கம்பி ஒருவரின் ஷூவோடு இணைந்திருக்கும், பாதத்தைத் திருப்பித்தான் திசை மாற்ற வேண்டும். சுக்கான் திரும்பினால் நீரின் தடை கூடி வேகம் போகும். இரண்டு வெவ்வேறு ஜோடிகளோடு இதில் மூன்று தங்கம் என்பது அசாத்தியம்!

குளுக்கோஸ்:
சர்க்கரை நோய் பற்றி: முதலில் இனிப்பைக் குறைத்துப் பார்த்தார், பயிற்சிக்குத் தெம்பு போதவில்லை. பிறகு பழையபடி நிறையச் சாப்பிட்டு, அதற்கேற்ப ஒரு நாளைக்குப் பல வேளை இன்சுலின் போட்டார்.

சிக்கல் இரண்டு பக்கமும் உண்டு. நீண்ட, மிதமான பயிற்சியில் தசை குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். முடித்துப் பல மணி நேரம் கழித்தும், தூக்கத்தில்கூட, சுகர் தாழலாம். ஆறு நிமிடப் பந்தயத்தில் நேர்மாறு: அட்ரினலின் ஏறி, கல்லீரல் சர்க்கரையை வெளியே தள்ளும், சுகர் உயரும். அதைப் பார்த்துப் பதறி உடனே முழு அளவு இன்சுலின் போட்டால் சிறிது நேரத்தில் மயக்கம்தான். ஊசியைத் தொடையில் போடுவதும் தவறு, உழைக்கும் தசைப் பக்கம் மருந்து வேகமாக ஏறும். வயிறுதான் நல்லது. பயிற்சிக்கு முன் சுகர் 90-க்குக் கீழே இருந்தால் 10–20 கிராம் குளுக்கோஸ் எடுத்துவிட்டுத்தான் படகில் ஏற வேண்டும். அளவெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுபடி.

இன்சுலின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. வீரர்கள் மருத்துவ விலக்கு வாங்காமல் போட்டால் பதக்கமே போகும்.

நதிக்கரை:
நன்றி. சிட்னியில் சுலபமாக ஜெயித்தார்களா?

துடுப்புக்காரன்:
இல்லை. அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் நடந்த படகுப் போட்டியில் நான்காவதாக வந்த அணி அது. சிட்னி இறுதியில் ரெட்கிரேவ், பின்சென்ட், டிம் ஃபாஸ்டர், ஜேம்ஸ் கிராக்னெல் முன்னிலையில் இருந்தாலும் கடைசியில் இத்தாலி நெருங்கிவிட்டது. 2000 மீட்டருக்குப் பின் இடைவெளி 0.38 நொடி.