மறு: ரீலோடிங் என்பதற்குத் தமிழ்: மறுநிரப்பலா, கெட்டிப்பா, கட்டுதலா?

ராணிப்பேட்டை ஐயாவுக்கும் நம் சொல்லாக்கக் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், அதில் புதிய பிரைமரும் (அடி பட்டதும் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு பாகம்) மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குகிறார்கள் அமெரிக்காவில் இலக்குச் சுடுதல் பழகுபவர்கள். ரீலோடிங் என்னும் அந்த வேலையைத் தொடங்குவோருக்கான அறிமுகக் கட்டுரையை ஐயா தமிழாக்குகிறார். தலைப்புச் சொல்லிலேயே வேலை நின்றுவிட்டது என்று போன வாரம் எழுதியிருந்தார். மறுநிரப்பல், மீளேற்றம், கெட்டித்தல் என இதுவரை வந்த மூன்று சொற்களையும் படித்தேன். மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநிரப்பல் என்றால் கேஸ் சிலிண்டரும் தண்ணீர் கேனும்தான் கண்முன் வருகின்றன. மீளேற்றம் அதைவிடச் சிக்கல். துப்பாக்கிக்குள் அடுத்த தோட்டாவைப் போடுவதற்கும் ஆங்கிலத்தில் ரீலோடிங் என்ற இதே சொல்தான். ஒரே சொல்லில் இரண்டு வேலைகளைக் குழப்பி வைத்திருப்பது அந்த மொழியின் பாடு. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? துப்பாக்கியில் தோட்டா ஏற்றுவது ஒன்று, தோட்டாவையே உண்டாக்குவது வேறு.

மூன்றாவது, ஐயா மிகவும் விரும்பிய சொல்:

> கெட்டித்தல் நம் பழஞ்சொல். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதை ஜவ்வாது மலையில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.

ஐயா, சொல் அழகானதுதான். ஆனால் கெட்டித்தல் என்ற சொல்லைக் கேட்டதும் கை என்ன செய்யும் என்று பாருங்கள். வேலூர் மாவட்டத்து எங்கள் கம்மவான்பேட்டைப் பக்கம் கிணறு வெட்டும்போது பாறையில் துளையிட்டு, வெடித் தோட்டா இறக்கி, மேலே மண்ணைப் போட்டுக் கழியால் இடித்து இறுக்குவார்கள். அதுதான் கெட்டிப்பு. நாட்டுத் துப்பாக்கியிலும் குழலுக்குள் கரிமருந்தைப் போட்டுக் கம்பியால் இடிப்பதுதான் கெட்டிப்பு. ரைபிள் கூட்டில் அந்த வேலையே கிடையாது. அளந்த மருந்தைக் கொட்டி, மேலே குண்டை அமர்த்துவதோடு சரி. இடித்தால் மருந்தின் மணிகள் நொறுங்கும், எரியும் வேகம் மாறும், அழுத்தம் தாறுமாறாக ஏறும். முதன்முறையாகச் செய்பவன் நம் கட்டுரையில் ‘மருந்தைக் கெட்டிக்கவும்’ என்று படித்துவிட்டு ஒரு குச்சியைத் தேடினால் அந்தப் பழி சொல் கொடுத்த நம்மைச் சேரும்.

என் பரிந்துரை: தோட்டா கட்டுதல். வாணக்காரர்கள் வெடி கட்டுவதாகத்தான் சொல்கிறார்கள். மருந்தை அளந்து, உறைக்குள் வைத்து, வாய் மூடி, ஒரு பொருளாக முடிப்பது என்ற பொருள் ‘கட்டு’ என்பதற்குள் முழுமையாக இருக்கிறது. வரலாறும் துணை நிற்கிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களின் காலத்துத் தோட்டா, மருந்தையும் ஈயக் குண்டையும் காகிதத்தில் சுற்றி நூலால் கட்டிய பொட்டலம்தான். காகிதம் போய்ப் பித்தளை வந்தது, வேலை அதேதான். சுட்ட கூட்டில் மீண்டும் கட்டுவது மறுகட்டு. புதுக் கூடு வாங்கிக் கையால் கட்டுவது கைக்கட்டு. கடையில் வாங்குவது ஆலைத் தோட்டா. இந்த மூன்றும் கட்டுரையில் தனித்தனியாகத் தேவைப்படும்.

தோட்டா என்று மட்டும் எழுதினால் நம் மாவட்டத்து விவசாயிக்குக் கிணற்று வெடி என்றே படும். எனவே முதல் முறை வரும் இடத்தில் துப்பாக்கித் தோட்டா என்று முழுமையாக எழுதிவிடுவோம். ‘உடலில் தோட்டா பாய்ந்தது’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பாய்வது குண்டு, தோட்டா அல்ல. தோட்டா என்பது கூடு, பிரைமர், மருந்து, குண்டு நான்கும் சேர்ந்தது. இதை நாமாவது திருத்தமாக எழுத வேண்டும். குண்டுக்கு ரவை என்ற ஈழத்து வழக்கை ஒரு தம்பி முன்வைத்தார். நல்ல வழக்குதான், ஆனால் இங்கே ரவை என்றால் பறவைக்குப் போடும் சிறு ஈய மணிகள்.

அடுத்து பிரைமர். கேப்பு என்று எழுதலாம் என்றார்கள். கிணற்று வெடிக்காரர்களுக்குக் கேப்பு என்றால் டெட்டனேட்டர். அந்தக் குழப்பம் வேண்டவே வேண்டாம். என் சொல் பொட்டு. தீபாவளிக்குப் பிள்ளைகளின் துப்பாக்கியில் வைக்கிறோமே, அதே பொட்டுதான். அடி பட்டதும் பொறி எழும் மருந்து, அதுவும் இதுவும். பெரிய ரைபிள் பிரைமரின் அகலம் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல், நெற்றிப் பொட்டளவுதான். விளையாட்டுச் சொல்லாக இருக்கிறதே என்று நம் குழுவின் வேதியியல் அம்மா தயங்கினார்கள். அம்மா, அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் உடனே உணர்த்திவிடுகிறது, அதனால்தான் கேட்கிறேன். அதை வைக்கும் பள்ளம் பொட்டுக்குழி, வைப்பது பொட்டு வைத்தல். பழையதை எடுப்பதற்குப் பொட்டழித்தல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் வலி வேறு. பொட்டு நீக்குதல் என்றே இருக்கட்டும்.

மருந்து பற்றி என் தந்தையிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார், ராணுவப்பேட்டை என்றே ஊருக்குப் பெயர். அவர் திண்ணையிலிருந்து இறங்கி, முற்றத்து மண்ணில் குச்சியால் ஒரு தோட்டாவை வரைந்தார். “பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிள் தோட்டாவுக்குள் மருந்து தூளாக இருக்காது, சேமியாவைக் கட்டி வைத்ததுபோல் நூல் நூலாக இருக்கும்” என்றார். அதுதான் கார்டைட் என்ற மருந்து. நீலகிரி அரவங்காட்டில் 1903-இல் நிறுவிய தொழிற்சாலை அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. பிறகு கூட்டின் பாகங்களைத் தாமாகவே சொன்னார்: வாய், கழுத்து, தோள், உடல், அடி. நான் எழுதிக்கொண்டேன். இந்த ஐந்துக்கும் வேறு சொல் தேட வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆகவே வெடிமருந்து என்ற பொதுச்சொல் இங்கே ஆகாது. கரிமருந்து வேறு, ரைபிள் கூட்டில் போடும் இந்த மருந்து வேறு. கரிமருந்தை அளக்கும் அளவில் இதை அளந்தால் துப்பாக்கியே பிளக்கும். உந்துமருந்து என்று ஒரே சொல்லை இறுதிவரை கையாளுங்கள்.

எடைக்கு வருகிறேன். மருந்தை நிறுக்கும் ஆங்கில அளவான கிரெயின் என்பதை நெல்லெடை என்று மாற்றலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். நான்கு நெல் ஒரு குன்றிமணி. குன்றிமணி ஏறத்தாழ 0.12 கிராம். அப்படியானால் நெல் 0.03 கிராம்தான். கிரெயின் 0.0648 கிராம், ஒரு பவுண்டுக்கு 7000. கிரெயின் நெல்லைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மருந்து கூடினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்தாலும் ஆபத்துதான். குண்டு குழலின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். கிரெயின் கிரெயினாகவே இருக்கட்டும்.

சுட்டதில் விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சுக்கு அளவச்சு, குண்டை இருத்தும் அச்சுக்கு அமர்த்தச்சு என்று வைத்திருக்கிறேன். முறுக்கும் இடியாப்பமும் பிழியும் வீடுகளில் அச்சு எல்லோருக்கும் தெரிந்த சொல். பல முறை சுட்டு இறுகிப்போன பித்தளைக் கழுத்தைச் சூடாக்கி இளக்குவதற்குப் பதனிடுதல் என்று ஒரு மடலில் கண்டேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடுதல் என்றால் தோல்தான், ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சி இளக்குதல் போதும்.

கட்டுரையின் முதல் பத்தியிலேயே ஒன்றைச் சேர்க்க வேண்டும்: உரிமமின்றித் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். அடிக்குறிப்பில் வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ரைபிளின் பூட்டு (குழலின் பின்வாயை மூடும் போல்ட்) முகத்துக்கும், உள்ளே கூடு முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். அது கூடினால் கூடு நீண்டு கிழியும், குறைந்தால் பூட்டு மூடாது. தலையிடம், தலைவெளி என்று எழுதிப் பார்த்தேன், எதுவும் பொருளைத் தொடவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே விடும் அளவுக்குத் தச்சர்கள் ஏதோ ஒரு சொல் வைத்திருப்பார்கள். குடியாத்தம், ஆற்காடு பக்கம் தச்சு வேலை தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கம்மவான்பேட்டையிலிருந்து