தோற்ற பிறகு உட்காருவது செஸ்காரர்கள் மட்டும்தானா?

ஸ்டிரைக்கர்_ராயபுரம்:
போன வாரம் வேறொரு இழையில் கருங்குதிரை என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனது ஆறவில்லை. செஸ் ஆடுகிறவர்கள் நம்மைப் போல் சாதாரண மனிதர்கள் இல்லையாம். தனிப் பேச்சு, தனிப் பழக்கம் உள்ள ஒரு தனி உட்பண்பாடாம். அதற்கு அவர் காட்டிய சான்று: "ஆட்டம் முடிந்ததும் தோற்றவனும் ஜெயித்தவனும் அதே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கி, எங்கே தவறு நடந்தது என்று பேசுவார்கள். வேறு எந்த ஆட்டத்திலும் இது கிடையாது." வேறு எந்த ஆட்டத்திலுமா? ஐயா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வடசென்னையில் ஏதாவது ஒரு கேரம் மன்றத்துக்கு வந்து பாருங்கள். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயை விட்டவனை எழுந்து போக விடமாட்டார்கள். காயை அதே இடத்தில் வைத்து, இப்படி அடித்திருக்கலாமே என்று காட்டுவார்கள். டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது. எங்கள் கேரம் ஆட்டக்காரர் மரிய இருதயம் அர்ஜுனா விருது வாங்கியது 1996-இல். எங்களுக்கும் வரலாறு உண்டு.

கருங்குதிரை:
என் வரிகளைப் பிழையில்லாமல் எடுத்துப் போட்டதற்கு நன்றி. அதில் ஓர் எழுத்தையும் மாற்றப் போவதில்லை. கேரமில் நடப்பது வம்பு, செஸ்ஸில் நடப்பது போஸ்ட்மார்ட்டம். எங்களிடம் நகர்த்தல்களை எழுதி வைக்கும் ஸ்கோர் ஷீட் இருக்கிறது. 17-ஆவது நகர்த்தலில் குதிரை எங்கே நின்றதோ அங்கேயே கொண்டுபோய் நிறுத்துவோம். பவுடரில் உங்கள் காய்கள் எங்கெங்கே சறுக்கின என்று யார் எழுதி வைத்தார்கள்? நினைவில் இருப்பதை வைத்துச் சண்டை போடுகிறீர்கள், அவ்வளவுதான். தம்பி, வேறு எந்த ஆட்டத்திலும் கிடையாது.

ஸ்டிரைக்கர்_ராயபுரம்:
தம்பியா? எனக்கு 58 வயது.

நூலகத்து_மாடி:
இருவருக்கும் ஒரு கேள்வி. உட்பண்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரு பழக்கம் இருந்தால் போதுமா, அல்லது பெரிய சமூகத்திலிருந்து விலகி நிற்க வேண்டுமா? அதை முதலில் முடிவு செய்தால் மீதிப் பேச்சு எளிதாக இருக்கும்.

கருங்குதிரை:
சகோதரி, அகராதியைப் பிறகு புரட்டுவோம். தோற்ற வலியோடு எழுந்து போகாமல் உட்காருகிறானே, அதைப் பற்றித்தான் பேச்சு. ஐந்து மணி நேரம் ஆடி, கடிகாரத்தில் 30 விநாடி இருக்கும்போது யானையைப் பறிகொடுத்தவன், தன்னைத் தோற்கடித்தவனிடமே "இந்த இடத்தில் நீங்கள் எதைப் பார்த்துப் பயந்தீர்கள்?" என்று கேட்கிறான். இதை நான் 30 வருடமாகப் பார்க்கிறேன். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில், முன்னாள் உலகச் சாம்பியன் தால் பெயரில் இயங்கிய மன்றத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். மானுவல் ஆரோன் 1961-இல் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனதிலிருந்து இந்த மரபு இங்கே வேர் பிடித்திருக்கிறது. ஆனந்த் 1988-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது இங்கே கணினி ஏது? தோற்றவனும் வென்றவனும் ஒன்றாக உட்கார்ந்து கற்றதுதான்.

அரைப்புள்ளி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஜப்பானில் ஷோகி என்ற அவர்கள் ஊர்ச் செஸ்ஸை ஆடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் திரும்ப ஆடிப் பார்ப்பார்கள். அதற்குக் கன்சோசென் என்றே பெயர் இருக்கிறது. தொழில்முறைப் போட்டியில்கூட உண்டு. சீட்டில் பிரிட்ஜ் ஆடுகிறவர்களும் போஸ்ட்மார்ட்டம் என்ற அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே "வேறு எந்த ஆட்டத்திலும்" என்பது தவறு.

கருங்குதிரை:
ஷோகி எங்கள் பங்காளி. ஒரே தாத்தாவின் பேரன்கள். அது கணக்கில் வராது. பிரிட்ஜில் நான்கு பேர், அங்கே நடப்பது கூட்டாளியைத் திட்டுவது. வேறு எந்த ஆட்டத்திலும் கிடையாது.

அரைப்புள்ளி:
பங்காளி என்றால் கணக்கில் வராது, பிரிட்ஜ் என்றால் திட்டுவது, கேரம் என்றால் வம்பு. மீதி இருப்பது பல்லாங்குழி மட்டும்தான். அதற்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருப்பீர்கள்.

தேர்முட்டி:
கருங்குதிரை அவர்கள் "யானையைப் பறிகொடுத்தவன்" என்று எழுதியிருக்கிறார். மூலையில் நிற்கும் காய் யானையா? எங்கள் ஊரில் அதைக் கோட்டை என்போம், எங்கள் தாத்தா தேர் என்பார். கோணலாகப் போவதைச் சிலர் மந்திரி என்கிறார்கள், வடக்கே போனால் ஒட்டகம் என்கிறார்கள். ஒரு காய்க்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவர்களுக்குத் தனிப் பண்பாடு ஒரு கேடா?

கருங்குதிரை:
யானை. நேராகப் போவது யானைதான். கோட்டை எப்படி ஐயா நகரும்?

தேர்முட்டி:
தேர் நகரும். ஆண்டுதோறும் திருவாரூரில் வந்து பாருங்கள்.

ஸ்டிரைக்கர்_ராயபுரம்:
யானையும் தேரும் கிடக்கட்டும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம் வடசென்னைப் பெண் காசிமா 3 தங்கம் வாங்கினார், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அடுத்த மாதமே சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை 14-ஆவது ஆட்டத்தில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். மகிழ்ச்சி, நானும் கைதட்டினேன். ஆனால் அரசு அவருக்குக் கொடுத்தது 5 கோடி, காசிமாவுக்கு 1 கோடி. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரை பொம்மைக்குத் தம்பி என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பாலத்திலாவது கேரம் பலகை வரைந்தார்களா? ஊரே தூக்கிச் சுமக்கும் ஒரு கூட்டம், "நாங்கள் தனி, எங்களை யாருக்கும் புரியாது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுதான் எனக்கு எரிகிறது.

நூலகத்து_மாடி:
நான் கேட்டதும் இதைத்தான். ஊர் முழுக்கக் கொண்டாடினால் அது உட்பண்பாடா, பொதுப் பண்பாடா?

கருங்குதிரை:
பாலத்துக்கு வண்ணம் அடித்தவர்களில் எத்தனை பேருக்கு ஜுக்ஸ்வாங் தெரியும்? நகர்த்தினால் கெடும், ஆனாலும் நகர்த்தியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். காயை நேராக வைக்க வேண்டுமானால் "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவோம். சொல்லாமல் தொட்டால் அந்தக் காயைத்தான் ஆட வேண்டும். நேர்மை எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. இதெல்லாம் கிளைகள், வேர் போஸ்ட்மார்ட்டம்தான். தோற்றவன் எழுந்து போகமாட்டான். வேறு எந்த...

அரைப்புள்ளி:
ரத்தத்தில் நேர்மையா? 1994-இல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் உலகச் சாம்பியன் கஸ்பரோவ் குதிரையை வைத்துக் கையை எடுத்துவிட்டு, மறுபடி எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். எதிரில் இருந்தவர் 17 வயது ஜூடித் போல்கர். அந்தப் பெண் அந்த நேரத்தில் புகார் செய்யவில்லை. வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

கருங்குதிரை:
கால் விநாடி. கால் விநாடிக்குக் கை விலகியதா இல்லையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு கஸ்பரோவை வைத்து எல்லோரையும் எடை போடாதீர்கள்.

அரைப்புள்ளி:
ஒரு பழக்கத்தை வைத்து எல்லோரையும் தனிக்கூட்டம் ஆக்கியது யார்?

பெற்றோர்_ஒருவர்:
இரண்டு பிள்ளைகளை ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) போட்டிகளுக்கு அழைத்துப் போகும் தாய் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் போஸ்ட்மார்ட்டத்தை நான் பார்ப்பதே அரிது. பிள்ளை ஸ்கோர் ஷீட்டோடு வெளியே வரும். பாதிப் பேர் அப்போதே தெரிந்த கோச்சுக்குப் படம் எடுத்து அனுப்புகிறோம், மீதிப் பேர் நகர்த்தல்களைப் போனில் போட்டுப் பார்க்கிறோம். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருள் ஓர் எண்ணைக் காட்டும், அத்தோடு தீர்ந்தது. எதிரே ஆடிய பிள்ளையின் பெயர்கூட என் மகனுக்குத் தெரியாது, ரேட்டிங் மட்டும் தெரியும். 2024 மார்ச்சில் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000-லிருந்து 1400 ஆக்கியபோது வாசலில் பெற்றோர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதைத் தனிப் பண்பாடு என்றால் ஒப்புக்கொள்கிறேன். மண்டபத்துக்கு வெளியே பாய் விரித்து, தயிர்சாதம் கட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். எங்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.

கருங்குதிரை:
அது உங்கள் தலைமுறையின் கோளாறு அம்மா. நான் சொல்வது உண்மையான ஆட்டக்காரர்களைப் பற்றி. உண்மையான ஆட்டக்காரன் தோற்றால் உட்காருவான்.

வெள்ளைச்_சிப்பாய்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இனிப் பொறுக்க முடியாது. கருங்குதிரை ஐயா, ஏழு வருடங்களுக்கு முன் திண்டுக்கல்லில் ஒரு போட்டி, ஐந்தாவது சுற்று. எனக்கு 14 வயது. யானை முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்து ஜெயித்தேன். "சார், அனாலிசிஸ் பண்ணலாமா?" என்று கேட்டேன். நீங்கள் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டீர்கள், பேனாவை மூடினீர்கள், எழுந்து போய்விட்டீர்கள். கையைக்கூடச் சரியாகக் கொடுக்கவில்லை.

ஸ்டிரைக்கர்_ராயபுரம்:
ஆஹா.

அரைப்புள்ளி:
உண்மையான ஆட்டக்காரன் தோற்றால் உட்காருவான். வேறு எந்த ஆட்டத்திலும் கிடையாது.

கருங்குதிரை:
அந்த ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது டிரா ஆகியிருக்க வேண்டிய ஆட்டம். யானையை ஆறாவது வரிசையில் நிறுத்தியிருந்தால் உங்கள் ராஜா முன்னேறியிருக்கவே முடியாது. அன்றிரவே பார்த்துவிட்டேன். உட்காராததற்குக் காரணம், மதுரைக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் என்பதுதான். இதைப் பெரிதாக்க வேண்டாம்.

வெள்ளைச்_சிப்பாய்:
ஆறாவது வரிசையில் நிறுத்தினாலும் நான் சிப்பாயைத் தள்ளியிருப்பேன், தோல்விதான். பலகை எடுத்து வாருங்கள், காட்டுகிறேன்.

கருங்குதிரை:
தள்ளினால் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருப்பேன். இது பாலபாடம். நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்.

தேர்முட்டி:
எதை நிறுத்தினால்? யானையையா, தேரையா?

நூலகத்து_மாடி:
மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், உட்பண்பாடு என்றால்...

ஸ்டிரைக்கர்_ராயபுரம்:
அதை விடுங்கள் அம்மா. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் கடைசிப் பேருந்தா? என் மச்சான் அந்த ஊர்தான். அந்தத் தடத்தில் விடிய விடியப் பேருந்து ஓடுகிறது. ஐந்தாவது சுற்று எத்தனை மணிக்கு முடிந்தது?

வெள்ளைச்_சிப்பாய்:
மாலை ஆறரை.

கருங்குதிரை:
அன்று கூட்டம் அதிகம். உட்கார இடம் கிடைக்காது.