ட்ராம் கடந்துபோகும் நேரம்

போன அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் போயிருந்தோம். இரண்டாம் உலகப்போரின்போது ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி மறைந்திருந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிட்டது. அங்கேயே குடியிருக்கும் என் நாத்தனார், "அண்ணி, தேசிய ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம் போய் வாருங்கள். 2024 மார்ச்சில்தான் திறந்தார்கள்" என்றார். ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதைத்தான் ஹோலோகாஸ்ட் என்கிறார்கள். பத்து வயது மகளுடன் ட்ராமில் போய் இறங்கினேன்.

பிளான்டேஜ் மிடன்லான் என்பது தெருவின் பெயர். ஒரு பக்கம் ஹாலண்ட்சே ஸ்கௌபர்க் என்ற பழைய நாடக அரங்கம். முகப்பு மட்டும் நிற்கிறது, உள்ளே கூரையில்லாத முற்றம். எதிரே அந்நாளில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக இருந்த கட்டடம். அதுதான் இன்று அருங்காட்சியகம். நடுவே ட்ராம் தண்டவாளம். 1942 கோடையிலிருந்து, நெதர்லாந்தைப் பிடித்துவைத்திருந்த நாஜிகள் யூதர்களைப் பிடித்துவந்து அடைத்தது அந்த அரங்கத்தில்தான். ஏறத்தாழ 46,000 பேர் அந்த வாசல் வழியாக வெஸ்டர்போர்க் முகாமுக்கும், அங்கிருந்து பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ், சோபிபோர் என்ற கொலை முகாம்களுக்கும் போனார்கள்.

ஓர் அறையின் சுவர் முழுக்க யூதர்களுக்கு எதிரான சட்டங்களையே எழுதிவைத்திருக்கிறார்கள். பூங்காவுக்குப் போகக்கூடாது. சைக்கிளை ஒப்படைக்கவேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே தலைகாட்டக்கூடாது. 1942 ஜூன் கடைசியிலிருந்து ட்ராமில் ஏறக்கூடாது. பக்கத்திலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் சோபிபோர் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த பத்துப் பொத்தான்கள். எந்தச் சட்டையில் இருந்தவை என்று யாருக்கும் தெரியாது. நெதர்லாந்திலிருந்து அந்த ஒரு முகாமுக்கு மட்டும் 34,000க்கும் மேற்பட்டோரை அனுப்பினார்கள்; உயிரோடு திரும்பியவர்கள் 18 பேர்.

என்னை நிலைகுலைய வைத்தது பள்ளியின் பின்புறத் தோட்டம். அரங்கத்தில் நெரிசல் தாங்காமல், சிறுபிள்ளைகளை மட்டும் எதிரே இருந்த குழந்தைகள் காப்பகத்தில் விட்டிருந்தார்கள். அந்தக் காப்பகத்தை இடித்துவிட்டார்கள், இன்று இல்லை. அதன் கொல்லையும் பள்ளியின் கொல்லையும் ஒட்டியவை, இடையில் ஒரு வேலி மட்டும். காப்பகத்தை நடத்திய ஹென்ரியட் பிமென்டல், அரங்கத்தின் பதிவேடுகளைக் கையில் வைத்திருந்த வால்டர் சூஸ்கிண்ட், பள்ளித் தலைவர் யோஹான் வான் ஹுல்ஸ்ட், இன்னும் பல இளம் பெண்கள் சேர்ந்து பிள்ளைகளை அந்த வேலிக்கு மேலாகக் கைமாற்றினார்கள். முதுகுப்பையிலும் துணிக்கூடையிலும் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். கணக்கு உதைக்கக்கூடாது என்பதற்காகப் பதிவேட்டிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டார் சூஸ்கிண்ட். காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சுமார் 600 பேர். பிமென்டலும் சூஸ்கிண்டும் யூதர்கள். இருவருமே பிறகு நாடு கடத்தப்பட்டு உயிரிழந்தார்கள்.

பெற்றோரைக் கேட்டுத்தான் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஊர் தெரியாது, வீடு தெரியாது, யார் கையில் போய்ச் சேரும் என்பதும் தெரியாது. "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று ஒரு தாய் எப்படிச் சொல்லியிருப்பாள்? மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டவளையும் என்னால் குறை சொல்லமுடியவில்லை.

1943 செப்டம்பரில் காப்பகத்தை ஒரேயடியாகக் காலிசெய்தபோது, கடைசியாகப் பன்னிரண்டு பிள்ளைகளைத்தான் வான் ஹுல்ஸ்டால் கூட்டிப்போக முடிந்தது. ஏன் பதின்மூன்று இல்லை என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. 107 வயதுவரை இருந்தார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "எதிரில் காவல்காரர்கள் நின்றார்களே அம்மா, எப்படிப் பார்க்காமல் விட்டார்கள்?"

"ட்ராம் குறுக்கே வரும்போது இந்தப் பக்கம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள்."

யூதர்கள் ஏறக்கூடாது என்ற அதே ட்ராம். ரயில் நிலையத்துக்கு அவர்களைக் கொண்டுபோகவும் அதே ட்ராமைத்தான் பயன்படுத்தினார்கள்.

அவள் வாசல் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். ட்ராம் வந்தது. அரங்கத்தின் வெள்ளை முகப்பு மறைந்தது. வாய்விட்டு எண்ணினாள். ஏழில் மீண்டும் தெரிந்தது.

"ஏழுதான் அம்மா" என்றாள். "அடுத்ததும் வரட்டும், பார்த்துவிட்டுப் போகலாம்."

நின்றோம்.