கொடைக்கானல் மேல்மலையில் அங்கோரா முயல் சரிவருமா?

பூண்டுக்காரன்:
வணக்கம். மேல்மலையில் பூண்டும் உருளையும் போடுகிறோம், விலை விழுந்த வருடம் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வீட்டுக்காரிக்கு ஸ்வெட்டர் பின்னத் தெரியும். அதனால் ரோமத்துக்கென்றே வளர்க்கும் அங்கோரா முயல் இருபது வாங்கலாமா என்று ஒரு யோசனை. வீடியோவில் எல்லாரும் லாபம் லாபம் என்கிறார்கள், வளர்த்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

குலுவாசி:
இமாச்சலில் குலு பக்கம் ஆறு வருடம் இருந்தேன், பக்கத்து வீட்டிலேயே ஜெர்மன் அங்கோரா வளர்த்தார்கள். இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கத்தரிப்பு. ஒரு முயல் வருடத்துக்கு ஒரு கிலோ தரும் என்பது ஜெர்மனிக் கணக்கு, நம் ஊரில் அரை கிலோ தாண்டினாலே சந்தோஷப்படுங்கள். முதுகு நடுவே வகிடெடுத்து வெட்ட வேண்டும். ரோமத்தை இழுத்துப் பிடித்தால் மெல்லிய தோலும் கூடவே எழும்பும், கத்தரி பட்டுக் கிழிந்துவிடும். கையால் பிடுங்கும் பேச்சே வேண்டாம், 2013-ல் சீனப் பண்ணையில் உயிரோடு ரோமம் பிடுங்கும் வீடியோ வெளிவந்த பிறகு பெரிய துணிக் கம்பெனிகள் பல அங்கோராவையே நிறுத்திவிட்டன.

மலைக்காட்டான்:
தம்பி, நம் மேல்மலை மன்னவனூரில் இருக்கிற ஆடு, முயல் ஆராய்ச்சி மையத்தைக் கேள்விப்பட்டுத்தான் கேட்கிறீர்கள் என்றால், அங்கே பேர்போன ஒயிட் ஜெயண்டும் சோவியத் சின்சில்லாவும் கறி முயல்கள், ரோமத்துக்கு ஆகாது. நானும் கறி முயல்தான் வளர்க்கிறேன். முதல் வருடம் மழையில் நனைந்த புல்லை அப்படியே போட்டேன், வயிறு உப்பி நாலு குட்டி போய்விட்டது, முழுக்க என் தப்புதான். அங்கோராவில் இன்னொரு தொல்லை, உடம்பை நக்கி நக்கி ரோமத்தை விழுங்கும், முயலுக்கு வாந்தி வராது, அப்படியே குடலில் அடைத்துக்கொள்ளும். காய்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

திண்டுக்கல்_ராஜா:
எங்கள் ஊரில் வளர்க்கலாமா?

மலைக்காட்டான்:
வேண்டாம் ராஜா. 30 டிகிரி தாண்டினாலே அதற்கு மூச்சு வாங்கும், நீங்கள் சித்திரையில் என்ன செய்வீர்கள்?

பூண்டுக்காரன்:
ரோமத்தை யார் வாங்குவார்கள்?

குலுவாசி:
வெட்டிய ரோமத்தை அப்படியே விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. நூலாக்கிப் பின்னி விற்றால்தான் காசு. தனி அங்கோரா வழுக்கும், ஸ்வெட்டர் நாளாக நாளாகத் தொங்கிவிடும், செம்மறிக் கம்பளியோடு கலந்து நூற்க வேண்டும். மன்னவனூரில் பாரத் மெரினோ ஆடு இருக்கிறதே, கம்பளி கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

பூண்டுக்காரன்:
சரி, இருபது வேண்டாம், நாலோடு தொடங்குகிறேன். அம்மா இப்போதே பரணில் கையால் நூல் நூற்கும் பழைய தக்ளியைத் தேடுகிறார்.