கலைச்சொல் வேணும்: கவுண்டி வாரியா கலர் அடிச்ச தேர்தல் மேப்

வணக்கம். நியூ ஜெர்சில எங்க தமிழ்ப் பள்ளி பெரிய பிள்ளைங்களுக்கு 2024 அதிபர் தேர்தல் முடிவ கவுண்டி (மாநிலத்துக்குள்ள வர்ற நிர்வாகப் பிரிவு) வாரியா மேப்ல காட்டணும், சனிக்கிழமை வகுப்பு. மேப் போட க்யூஜிஐஎஸ்ஸா டேட்டாராப்பரா லீஃப்லெட்டா, எந்த மென்பொருள்னு குழப்பம், அதவிட இப்படிப் பகுதி வாரியா கலர் அடிச்ச மேப்புக்கு இங்கிலீஷ்ல சொல்ற கோரோப்ளெத்துக்கு என்ன சொல் போடறதுன்னு தெரியல. கவுண்டிக்கும் சேத்துச் சொன்னா புண்ணியமா போகும்.

———

கிரேக்கத்துல கோரா நிலப்பகுதி, ப்ளேத்தோஸ் திரள். நிலத்துக்கு நம்மகிட்ட திணை இருக்கும்போது எதுக்கு அலையணும், நிலமும் பொழுதும் முதற்பொருள்னு தொல்காப்பியர் எப்பவோ சொல்லிட்டார். "திணைநிறப்படம்". கவுண்டிக்குக் "கூற்றம்", சோழர் கல்வெட்டுலயே நிலப்பிரிவுக்கு அந்தப் பேர் உண்டு.

———

> கவுண்டிக்குக் "கூற்றம்"

ஐயா, கூற்றம்னா எமன்னுதான் பிள்ளைங்க அகராதில பாக்கும். ஜெயிச்சவர் இத்தனை கூற்றத்தப் பிடிச்சார்னு எழுதினா தோத்தவர் கதி என்ன? திணையும் சரிப்படாது, கவுண்டி எல்லை அரசாங்கம் போட்ட கோடு, மலைல பாதி சமவெளில பாதின்னு அதுபாட்டுக்கு ஓடும். பேசாம மாவட்டம்னு போடுங்க.

———

மாவட்டம்னா காங்கிரஷனல் டிஸ்ட்ரிக்ட்டோட (அமெரிக்கக் கீழவைத் தொகுதி) குழம்பும்ணா. லூசியானால கவுண்டிக்குப் பேரே பாரிஷ், அலாஸ்கால கவுண்டியே கிடையாது, முடிவ மாநிலச் சட்டமன்றத் தொகுதி வாரியாத்தான் தருவாங்க. கனெக்டிகட் தனி வம்பு, 2022ல சென்சஸ்காரங்க 8 கவுண்டிய விட்டுட்டு 9 திட்டமிடல் வட்டாரம்னு மாத்திட்டாங்க.

டீச்சர், ஒரு நாள் வகுப்புக்கு டேட்டாராப்பர் போதும், அமெரிக்க கவுண்டி மேப் உள்ளயே இருக்கு, லீஃப்லெட்னா ஜாவாஸ்கிரிப்ட் எழுதணும். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ஒவ்வொரு கவுண்டிக்கும் குடுத்த அடையாள எண் 5 இலக்கம், சிஎஸ்வி டேட்டா ஃபைல எக்செல்ல சும்மா திறந்தாலே அலபாமாவோட 01001 வெறும் 1001 ஆயிரும், அப்புறம் அலபாமா, அரிசோனா, கலிஃபோர்னியா, கொலராடோ எல்லாம் கலர் ஏறாம சாம்பலா நிக்கும். திறக்கும்போதே அந்த எண் இருக்குற நெடுவரிசைய டெக்ஸ்ட்னு குடுத்துருங்க.

———

சொல்லுக்கு முன்னாடி படத்தப் பத்திக் கொஞ்சம் யோசிங்க. டெக்சஸ் லவ்விங் கவுண்டில 2020 கணக்குப்படி 64 பேர், லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டில கிட்டத்தட்ட ஒரு கோடி. பரப்புக்குத் தக்க கலர் அடிச்சா ஆளில்லாத காடும் மலையும்தான் கண்ணுல நிக்கும். பக்கத்துலயே ஓட்டு வித்தியாசத்துக்குத் தக்க வட்டம் போட்ட மேப் ஒண்ணும் வைங்க. பேருக்கு "வட்டார வண்ணப்படம்"னு என் பங்கு.

———

வண்ணம்னு எழுதினா வர்ணம்தானேன்னு ஒருத்தர் வருவார், நிறம்னே இருக்கட்டும்.

———

நிறம்னா சங்க இலக்கியத்துல மார்புன்னும் பொருள் உண்டு, தெரியுமில்ல? வட்டாரத்துல வர்ற வட்டமும் விருத்தத்துலேர்ந்து வந்ததும்பாங்க, எனக்கு அதுல நம்பிக்கையில்ல, வள்ங்கிற வேர்தான். வளை, வளையம், வட்டு, வட்டில், எல்லாம் ஒரே குடும்பம்.

———

ஐயா, டீச்சருக்கு சனிக்கிழமை வகுப்பு.

———

எல்லாருக்கும் நன்றி. "வட்டார நிறப்படம்"னு ஸ்லைடுல போட்டாச்சு, நாலு பேர் தனி மெயில்லயும் அதுக்கே சரின்னாங்க. கவுண்டி கவுண்டியாவே இருக்கட்டும், பிள்ளைங்க வீட்டு அட்ரஸ்ல தினம் பாக்குற சொல். டேட்டாராப்பர்ல ஏத்திட்டேன், கலிஃபோர்னியாக்குக் கலர் வந்துருச்சு, அலாஸ்காவ மட்டும் முழு மாநிலமா ஒரே கலர்ல விட்டுட்டுக் கீழ ஒரு குறிப்பு எழுதிட்டேன்.

———

பெரும்பான்மைக்குக் கட்டுப்படறேன், ஆனா கவுண்டிய அப்படியே விட்டதுல எனக்கு உடன்பாடில்ல, பதிவுல இருக்கட்டும். லூசியானாவோட பாரிஷுக்கு என்ன போட்டீங்க?